இரண்டாம் நாளே ரோஜா தலை சாய்ந்துவிடுகிறது: பூக்களை நேரில் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைவது எப்படி?

மலைக்கோட்டை (கேள்வி)

வணக்கம். திருச்சியில் வசிக்கிறேன். பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, இரண்டு ஆண்டுகளாக எண்ணெய் வண்ண ஓவியம் பழகி வருகிறேன். சொம்பு, எலுமிச்சம்பழம், மடித்து வைத்த துண்டு என்று பொருள்களைக் கண்முன் வைத்து வரைவதில் ஓரளவு கை படிந்துவிட்டது. பூக்களுக்கு வந்தபோதுதான் அதுவரை கற்றதெல்லாம் குலைந்துபோயிற்று.

சென்ற மாதம் ஒரு கண்ணாடிக் குவளையில் ஐந்து ரோஜாக்களையும், கொல்லையில் பறித்த நந்தியாவட்டைக் கொத்து ஒன்றையும் வைத்து, 16-க்கு 20 அங்குலக் கித்தானில் தொடங்கினேன். முதல் நாள் முழுவதும் பென்சில் கோட்டிலேயே கழிந்தது. மறுநாள் காலையில் நந்தியாவட்டை பழுப்பேறி உதிர்ந்து கிடந்தது. ரோஜாக்களில் இரண்டு முழுவதும் விரிந்திருந்தன, ஒன்று தலை சாய்ந்திருந்தது. விரிந்தவற்றுக்கு ஏற்பக் கோட்டைத் திருத்தினேன். மூன்றாம் நாள் புதிய ரோஜாக்களை வாங்கி வைத்தேன். அவை வேறு பூக்கள் என்பதால் மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று. நான்காம் நாள் மாலையில் கித்தானில் இருந்தது எந்த நாளின் ரோஜாவும் அல்ல. முட்டைக்கோசு போன்ற ஐந்து உருண்டைகள்தாம் இருந்தன. நந்தியாவட்டையோ சுவரில் அப்பிய சுண்ணாம்பைப் போல் இருந்தது.

கைப்பேசியில் படம் எடுத்து அதைப் பார்த்து வரையுமாறு பலரும் சொல்கிறார்கள். அப்படியும் ஒன்று வரைந்து பார்த்தேன். நிழலெல்லாம் ஒரே கருமையாகிவிட்டது. எனக்கு நேரில் பார்த்து வரைவதில்தான் விருப்பம். பூ வாடுவதற்குள் முடிக்க எதை முதலில் வரைய வேண்டும், வெள்ளைப் பூவின் நிறத்தை எப்படிக் கலக்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஓவியருக்கு வடக்குச் சன்னல்தான் ஏற்றது என்று படித்து அந்த அறையில்தான் அமர்கிறேன். ஆனால் காலை வெயில் நேரே உள்ளே விழுகிறது. சன்னலின் திசையை நான் தவறாகக் கணித்துவிட்டேனா என்றுகூட ஐயம் வந்துவிட்டது.

சாளரம்

ஐயா, நீங்கள் சொன்னவற்றில் எனக்கு முதலில் உறுத்தியது கித்தானின் அளவுதான். பயிற்சி நிலையில் 16-க்கு 20 அங்குலத்தில் ஐந்து ரோஜாக்களை ஒரே அமர்வில் முடிப்பது கடினம்; ஒரே அமர்வில் முடிக்காவிட்டால் பூ உங்களுக்காகக் காத்திருக்காது. ஓவியர் வான்கோ 1888 ஆகஸ்டில் பிரான்சின் ஆர்ல் நகரில் சூரியகாந்திகளை வரைந்தபோது, அவை விரைவில் வாடிவிடுவதால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியிருக்கிறது என்றும், அதற்காக ஒவ்வொரு நாளும் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்குவதாகவும் தம் தம்பிக்கு எழுதினார். அத்தனை வேகமாகத் தீட்டக்கூடியவருக்கே அந்த நிலை. பிரெஞ்சு ஓவியர் மானே தம் கடைசி மாதங்களில், 1882-இலும் 1883-இலும், நோயால் நடமாட முடியாதிருந்தபோது, நண்பர்கள் கொண்டுவந்த பூச்செண்டுகளைக் கண்ணாடிக் குவளைகளில் வைத்துச் சிறிய சிறிய கித்தான்களில் வரைந்தார். பெரிய ஓவியங்களுக்குப் பெயர் பெற்றவர் பூவுக்குச் சிறிய அளவைத் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் 8-க்கு 10 அங்குலப் பலகை ஒன்றில், ஒரே ஒரு ரோஜாவை, இரண்டு மணி நேரத்தில் வரைந்து பாருங்கள்.

எந்தப் பூவை வாங்குவது என்பதும் முக்கியம். தமிழில் பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழாகச் சொல்வார்கள். ஓவியருக்கு இது வெறும் சொல்வளம் அல்ல. ஒரு கால அட்டவணை. மலர்ந்துவிட்ட பூவை வாங்கினால் நீங்கள் அமரும்போது அது அலராகி, முடிக்கும்போது வீயாகி உதிரத் தொடங்கிவிடும். இதழ்கள் அவிழத் தொடங்கிய முகைகளாக வாங்கி, முதல் நாள் இரவு தண்ணீரில் வைத்து, காலையில் நன்றாக விரிந்துவரும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பென்சிலை விட்டுவிடுங்கள். இதழ் இதழாகக் கோடு போட்டதனால்தான் முட்டைக்கோசு வந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இதழ்கள் மறைந்து, ரோஜா ஒரு கிண்ணமாகத் தெரியும். அந்தக் கிண்ணத்துக்கு வெளிச்சம் படும் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று, நடுவில் குழிவான இருட்டு ஒன்று, அவ்வளவுதான். முதல் இருபது நிமிடத்தில் இந்த மூன்றையும் அகலமான தூரிகையால் மெல்லிய வண்ணத்தில் நிரப்பிவிட்டு, அதன்பின் மூன்று நான்கு இதழ் விளிம்புகளை மட்டும் தெளிவாகச் சொன்னால் போதும். மற்ற இதழ்களைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும். எல்லா விளிம்பையும் ஒரே கூர்மையில் வரைந்தால் பூ தகரத்தில் வெட்டியது போலாகிவிடும்.

வரிசையைப் பொறுத்தவரை, விரைவில் மாறுவதை முதலில் வரையுங்கள். பூவுக்குப் பிறகு இலை, அதன் பின் குவளை, கடைசியில் மேசை. குவளை நாளைக்கும் இருக்கும். ஆனால் பூவைச் சுற்றியுள்ள பின்னணியை மட்டும் தள்ளிப் போடாமல், பூவின் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே ஒரு விரல் அகலத்துக்காவது தீட்டிவிடுங்கள். காய்ந்த பூவைச் சுற்றி மறுநாள் பின்னணி தீட்டினால் ஓரங்கள் வெட்டி ஒட்டியது போல் நிற்கும். ஒரு பூ நீங்கள் பார்த்த நிலையிலிருந்து மாறிவிட்டால் அந்த மாற்றத்தைத் துரத்தாதீர்கள். கித்தானில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, இன்னும் மாறாத வேறொன்றைப் பாருங்கள். உங்கள் நான்கு நாள்களும் துரத்தியதில்தான் வீணாயின.

கொல்லைப்புறம்

நான் ஓவியம் வரைபவள் அல்லள், மகள் வரைகிறாள். ஓசூருக்கு அருகில் ரோஜா பயிரிடும் குடும்பம் எங்களுடையது என்பதால், பூவைக் காப்பாற்றுவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரோஜாவின் தலை சாய்வது பெரும்பாலும் முதுமையால் அல்ல. காம்பில் காற்றுக்குமிழ் அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலேறாததால் வரும் தாகம். காம்பின் நுனியை வாளித் தண்ணீருக்குள்ளேயே வைத்துச் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். அவை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். தலை சாய்ந்த ரோஜாவைக்கூடப் புதிதாக வெட்டி, கழுத்தளவுத் தண்ணீரில் ஓரிரு மணி நேரம் நிறுத்தினால் பல நேரங்களில் நிமிர்ந்துவிடும். வரையும்போது மின்விசிறியின் காற்று பூவின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூவுக்குப் பக்கத்தில் பழுத்த மாம்பழமோ வாழைப்பழமோ வைக்காதீர்கள். ஓவியர்களுக்கு அந்தச் சேர்க்கை பிடிக்கும் என்பதை மகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளிவருகிறது. அது பூவை விரைவில் முதிரச் செய்யும். இரவில் ரோஜாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதானால், அங்கிருக்கும் பழங்களை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். ஆந்தூரியத்தை மட்டும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அது வெப்பமண்டலச் செடி, குளிரில் கருத்துவிடும்.

நந்தியாவட்டையைக் கொல்லையிலிருந்து பறிக்கிறீர்கள் என்றால், முதல் நாளே பறித்து வைக்காமல், தூரிகையைக் கையில் எடுப்பதற்குச் சற்று முன் பறியுங்கள். செம்பருத்தி இன்னும் எளிது. அதற்குத் தண்ணீரே வேண்டியதில்லை. மேசையில் அப்படியே வைத்தாலும் அன்று பகல் முழுவதும் விரிந்திருக்கும், பொழுது சாயும் நேரத்தில் சுருண்டுவிடும். தண்ணீரில் வைத்தாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

உதிரிப்பூ

சாளரம் அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒரே அமர்வு என்பதை ஒரே வழியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பூ ஓவியத்தில் உச்சம் தொட்ட டச்சு நாட்டு, பெல்ஜியப் பகுதி ஓவியர்களில் பலர் நமக்குக் காட்டும் பூச்செண்டு எந்த மேசையிலும் ஒருநாளும் இருந்ததில்லை. வசந்தத்தில் பூக்கும் டியூலிப்பும் கோடையில் பூக்கும் ரோஜாவும் ஒரே குவளையில் நிற்கின்றன. ஆனால் ஒவ்வொரு பூவும் நேரில் பார்த்து அறியப்பட்டது. மூத்த யான் புரூகல் 1606-இல், ஆன்ட்வெர்ப்பில் கிடைக்காத சில பூக்களை நேரில் பார்த்து வரைவதற்காகவே பிரசெல்சுக்குச் சென்று வந்ததாக மிலான் நகரக் கர்தினால் பொரோமியோவுக்கு எழுதினார். யான் வான் ஹைசம் 1742-இல் ஓர் ஓவியத்துக்குக் காத்திருந்தவரிடம், முந்தைய ஆண்டு மஞ்சள் ரோஜா ஒன்று கிடைக்காமல் போனதால்தான் அது இன்னும் முடியவில்லை என்று சொல்லியனுப்பினார். மண்பானையில் பூக்கள் வைத்த அவருடைய ஓவியம் ஒன்று இலண்டன் தேசியக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அதில் 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகளைப் பொறித்திருக்கிறார். ஒரு மஞ்சள் ரோஜாவுக்காக ஓராண்டு காத்திருப்பவரை அவசரக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே நீங்கள் இப்படியும் செய்யலாம். இன்று ஒரு ரோஜா, அடுத்த வாரம் ஒரு சாமந்தி, மழைக்காலத்தில் வேறொன்று என்று சிறு சிறு பலகைகளில் நேரில் பார்த்து வரைந்து சேர்த்துக்கொண்டே வாருங்கள். பின்னர் அவற்றை வைத்து ஒரு பெரிய கித்தானை அமைக்கலாம். இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. எல்லாப் பலகைகளிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே உயரத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை அழகாக வரைந்தாலும் பூக்கள் ஒன்றோடொன்று பேசாது. நான் என் முதல் பதினொரு பலகைகளை இந்தக் கவனமில்லாமல் வீணாக்கினேன்.

புகைப்படத்தைப் பற்றி நீங்கள் கண்டது சரியே. நிழல் மட்டுமல்ல, சிவப்பும் கெடும். செம்பருத்தியைக் கைப்பேசியில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு அளவுக்கு மேல் நிறைந்து, இதழின் நரம்பும் மடிப்பும் தெரியாமல் ஒரே பூச்சாகிவிடும். எந்த இதழ் எங்கே மடங்கியிருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ள அதை வைத்துக்கொள்ளலாம். நிறத்தை அதனிடம் கேட்கக் கூடாது.

இன்னொரு கருத்து, இது என் சொந்தப் பிடிவாதம் என்றும் வைத்துக்கொள்ளலாம். நீண்ட காம்போடு குவளையில் நிற்கும் பூச்செண்டு என்பது நம் ஊரில் பெரும்பாலும் மண்டப மேடைக்கு வருவது. நம் சந்தையில் பூ காம்பில்லாமல் உதிரியாக எடைக்கு விற்கப்படுகிறது, அல்லது தொடுத்து முழக் கணக்கில் விற்கப்படுகிறது. சிரீரங்கத்துப் பூச்சந்தை உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கே கூடையில் குவிந்திருக்கும் செண்டுமல்லியையும், நனைந்த வாழைநாரையும், ஈரச் சாக்கில் கிடக்கும் தாமரை மொட்டுகளையும் பார்த்த கண்ணோடு வீட்டுக்கு வந்து, கண்ணாடிக் குவளையைத் தேடுவானேன்? பித்தளைத் தட்டில் ஒரு கைப்பிடி உதிரிப்பூவை வைத்து வரையுங்கள். தட்டு பூவின் நிறத்தை வாங்கித் திருப்பித் தரும். பூவின் அடிப்பகுதி நிழலில் கரையும். காம்பு எங்கே போகிறது என்ற தொல்லையும் இல்லை. பழகுவதற்குக் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் மிக நல்லவை. வாடாமல்லி காய்ந்த பிறகும் நிறம் விடாது; மெதுவாக வரைபவருக்கு அதைவிட இணக்கமான பூ இல்லை. பிரெஞ்சு ஓவியர் செசான் மெதுவாக வேலை செய்பவர் என்பதால் தாளில் செய்த பூக்களை வைத்து வரைந்ததாகச் சொல்வார்கள். அவருக்கு வாடாமல்லி கிடைத்திருக்கவில்லை.

நிறமாலை

நிறத்தையும் சன்னலையும் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் சன்னல் வடக்கு நோக்கியதுதான். வடக்குச் சன்னல் என்ற அறிவுரை ஐரோப்பாவில் பிறந்தது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். திருச்சி ஏறக்குறைய 10.8 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்டு இறுதி வரை நண்பகல் சூரியன் உங்கள் தலைக்கு வடக்கே இருக்கும். அதற்கு முன்னும் பின்னும்கூட, மார்ச்சுக் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதிப்பதால் காலை வெயில் உங்கள் அறைக்குள் சாய்வாக எட்டிப் பார்க்கும். கோடையில் பகலில் தெற்குச் சன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள், அல்லது வெள்ளை மல்துணி ஒன்றைக் கட்டுங்கள். மார்கழியில் உங்கள் வடக்குச் சன்னலை யாராலும் குறை சொல்ல முடியாது. விளக்கில் வரைவதானால், நிறத்தை உண்மையாகக் காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் உள்ள விளக்கை வாங்குங்கள், மலிவான எல்.இ.டி. விளக்கில் சிவப்பு ரோஜா மங்கிப் பழுப்பாகத் தெரியும், நீங்களும் பழுப்பையே கலப்பீர்கள்.

இனி நந்தியாவட்டை. டைட்டானியம் வெள்ளையைக் குழாயிலிருந்து எடுத்தபடியே பூ முழுவதும் பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைப் பூவில் தூய வெள்ளை இருப்பது மிகச் சில இடங்களில்தான். ஒரு வெள்ளைத் தாள் துண்டைப் பூவின் நிழல் பக்கத்துக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். நீங்கள் வெள்ளை என்று நினைத்தது எவ்வளவு அழுத்தமான சாம்பல் என்பது தெரியவரும். அந்தச் சாம்பலும் ஒரே சாம்பல் அல்ல. இலையை ஒட்டிய இதழில் பச்சை கலந்திருக்கும். மேசை விரிப்பு காவியாக இருந்தால் கீழ் இதழில் அந்தக் காவி ஏறியிருக்கும். சன்னலைப் பார்த்த பக்கத்தில் வானத்தின் நீலம் இலேசாகத் தெரியும். பூ முழுவதையும் ஒரு படி மங்கலாகவே கலந்து வைத்துக்கொண்டு, தூய வெள்ளையைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். பின்னணி நடுத்தர அழுத்தத்தில் இருந்தால் வெள்ளை தானாக ஒளிரும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் பூவை வைப்பது பிற்பாடு பார்த்துக்கொள்ள வேண்டிய சவால்.

மஞ்சள் சாமந்தியின் நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பாசிப் பச்சையாகிவிடும். காவி மஞ்சளும் சியன்னா என்னும் மண்பழுப்பு வண்ணமும் கொண்டு இறக்கி, மிக ஆழமான இடத்தில் மட்டும் சிறிது ஊதாவைத் தொடலாம். சிவப்புக்கு நேர் எதிரான தொல்லை. வெளிச்சத்தைக் காட்ட வெள்ளையைச் சேர்த்தால் செம்பருத்தி இளஞ்சிவப்பாகி உயிர் போய்விடும். சிவப்பைத் தூயதாக விட்டு, வெளிச்சப் பக்கம் ஆரஞ்சு பக்கமாகச் சற்றுத் திருப்பி, சுற்றுப்புறத்தை அடக்கினால் போதும்.

குழாயின் பின்புறத்தில் உள்ள நிறமி எண்ணையும் பாருங்கள். ரோஜாவுக்கு எல்லோரும் முதலில் வாங்குவது அலிசரின் கிரிம்சன் என்னும் கருஞ்சிவப்பு. பி.ஆர். 83 என்று அச்சிட்டிருந்தால், அது வெளிச்சத்தில் மங்கக்கூடியது, அதிலும் வெள்ளை கலந்து மெலிதாகத் தீட்டிய இடங்களில். பி.வி. 19 என்னும் குவினாக்ரிடோன் ரோஸ் நிலைத்து நிற்கும். வான்கோ 1890 மே மாதத்தில் பிரான்சின் சான் ரெமியை விட்டுப் புறப்படும் முன் வரைந்த ரோஜாக்கள் இன்று ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிகின்றன. அவர் அவற்றை இளஞ்சிவப்பாகத்தான் தீட்டினார், சிவப்புச் சாயம் மங்கிவிட்டது. மங்கும் வண்ணம், மங்காத வண்ணம் இரண்டும் நாம் வாங்கும் நாளில் வண்ணத் தட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மலைக்கோட்டை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் முயன்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதல் வாரம் உதிரிப்பூ அவர்கள் சொன்னபடி பித்தளைத் தட்டில் வாடாமல்லி. அவசரமில்லாமல் நான்கு நாள்கள் வரைந்தேன். பூ மாறவில்லை, நான்தான் தினமும் மாற்றிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது விளங்கியது. இரண்டாம் வாரம் ஒற்றை ரோஜா, 8-க்கு 10 அங்குலம், பென்சில் இல்லாமல். ஐந்து பலகைகளில் மூன்றைப் பேலட் கத்தியால் சுரண்டிவிட்டேன். நான்காவதில் ரோஜா ஒரு கிண்ணமாக வந்தது. ஐந்தாவது வரைந்துகொண்டிருந்தபோது, ஒன்றரை மணி நேரம் ஆனபின், வெளிச்சப் பக்கத்து இதழ் ஒன்று உதிர்ந்து விரிப்பில் விழுந்தது. பூவில் அந்த இதழை ஏற்கனவே தீட்டியிருந்தேன், அழிக்கவில்லை. விழுந்த இதழையும் விழுந்த இடத்தில் தீட்டிவிட்டேன். எண்ணிப் பார்த்தால் என் ரோஜாவில் ஓர் இதழ் அதிகம். கணக்கு ஆசிரியருக்கு இது உறுத்தத்தான் செய்கிறது, ஆனால் வீட்டில் யாரும் இதுவரை எண்ணவில்லை.

வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தது பெரிய திறப்பாக இருந்தது. நந்தியாவட்டை இன்னும் கைவரவில்லை என்றாலும் சுண்ணாம்பு போய்விட்டது. சன்னலுக்குப் பழைய வேட்டியைக் கட்டியிருக்கிறேன். அந்த வேட்டியில் மிச்சமிருந்ததைக் கிழித்துத் தூரிகை துடைக்கப் பயன்படுத்துகிறேன். மூலையில் ஒரு குவியலே சேர்ந்துவிட்டது.

சாளரம்

ஐந்தாவது பலகையைச் சுரண்டாதீர்கள். வாய்ப்பிருந்தால் அதன் படத்தை இங்கே பகிருங்கள். அதைவிட அவசரமானது அந்தத் துணிக் குவியல். நம் வண்ணத்தில் உள்ள லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தண்ணீரைப் போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கிறது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குவித்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகத் தீப்பற்றக்கூடும். இன்றே அவற்றை எடுத்து வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியிட்ட தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.